அரச கல்யாணத்தை டிவியில் பார்க்கிறவர்கள் உண்மையில் எதைப் பார்க்கிறார்கள்?

கேள்வி இது: "ராஜா ராணியெல்லாம் இந்தக் காலத்துக்கு எதற்கு என்று கேட்கிற ஆட்களே, பிரிட்டிஷ் அரச குடும்பத்தில் ஒரு கல்யாணம் என்றால் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்களே, ஏன்? 2011-இல் வில்லியம் - கேட் கல்யாணத்தை 200 கோடி பேர் பார்த்தார்கள் என்கிறார்களே, அது நிஜமா?"

இரண்டாவது கேள்விக்குப் பதில் சின்னது, அதை முதலில் முடித்துவிடுகிறேன். 200 கோடி என்பது யாரும் எண்ணிப் பார்த்துச் சொன்ன கணக்கு இல்லை. கல்யாணம் நடக்கும் முன்பே அன்றைய பிரிட்டிஷ் கலாசார அமைச்சர் ஜெரமி ஹன்ட் சொன்ன மதிப்பீடு அது. அப்போது உலக மக்கள்தொகையே சுமார் 700 கோடி. கைக்குழந்தைகளையும் சேர்த்து ஏழு பேரில் இரண்டு பேர் அன்றைக்கு வேலையை விட்டுவிட்டு வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால்தான் அந்த எண் வரும். ஒழுங்காக அளக்கிற நாடுகளில் என்ன கிடைத்தது என்று பாருங்கள். பிரிட்டனில் பிபிசி, ஐடிவி இரண்டிலும் சேர்த்து 2.4 கோடிக்கு மேல். அமெரிக்காவில் டிவி பார்வையாளர்களை அளக்கிற நீல்சன் நிறுவனத்தின் கணக்குப்படி சுமார் 2.3 கோடி. அங்கே கிழக்குக் கரையில் காலை 6 மணி, மேற்குக் கரையில் விடியற்காலை 3 மணி என்பதை நினைத்தால் இதுவே பெரிய கூட்டம்தான். ஆனால் இந்தக் கல்யாணத்தில் அதிக ஆர்வம் காட்டிய இரண்டு நாடுகளைக் கூட்டியும் 5 கோடி வரவில்லை. மிச்சம் 195 கோடிப் பேரை எங்கே போய்த் தேடுவது?

1981-இல் சார்ல்ஸ் - டயானா கல்யாணத்துக்குச் சொல்கிற 75 கோடியும் இதே ரகம்தான். உலகம் முழுக்க ஒரே முறையில் பார்வையாளர்களை அளக்கிற ஏற்பாடு எதுவும் கிடையாது. ஒளிபரப்பு எந்தெந்த நாடுகளுக்குப் போனதோ அங்கே 'பார்க்க வாய்ப்புள்ளவர்கள்' இத்தனை பேர் என்று ஆரம்பித்து, செய்தி இரண்டு கை மாறுவதற்குள் அது 'பார்த்தவர்கள்' ஆகிவிடும். ஆனால் அதே 1981-இல் பிரிட்டனுக்குள் பார்த்தவர்கள் சுமார் 2.8 கோடி என்ற எண்ணை நம்பலாம். நாட்டின் மக்கள்தொகையே அப்போது 5.6 கோடி. பாதிப் பேர்! இதற்கு மேல் ஊதிப் பெருக்க என்ன தேவை இருந்தது என்று எனக்குப் புரிவதே இல்லை.

சரி, முதல் கேள்வி.

அரச கல்யாணம் பார்க்கிறவர்கள் பக்தியோடு பார்க்கிறார்கள் என்று நினைத்தால் இந்த விஷயம் புரியாது. அரண்மனை அப்படி நினைக்கலாம், நேர்முக வர்ணனை செய்கிறவரின் குரல் அப்படிக் குழையலாம். சோபாவில் உட்கார்ந்திருப்பவர் கல்யாண வீட்டுக்கு வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி பார்க்கிறார். பெண் எப்படி இருக்கிறாள், உடை சுமாரா பிரமாதமா, மாப்பிள்ளை முகத்தில் சிரிப்பே இல்லையே, அந்தத் தொப்பிக்காரி யார், பெண்ணின் அப்பா ஏன் வரவில்லை, சாமியார் எப்போது பேசி முடிப்பார். குறை சொல்கிற உரிமை சொந்தத்துக்கு உண்டு. கண் கலங்குகிற உரிமையும் உண்டு. அரசாட்சி வேண்டுமா வேண்டாமா என்ற கொள்கை அந்த இரண்டு மணி நேரம் கொடியில் தொங்கும். கல்யாணம் முடிந்ததும் எடுத்து மாட்டிக்கொள்ளலாம்.

இந்த உரிமையைப் பார்த்துத்தான் ஆரம்பத்தில் பெரியவர்கள் பயந்தார்கள். 1923 ஏப்ரலில் யார்க் கோமகன் (பின்னால் ஆறாம் ஜார்ஜ் மன்னர்) எலிசபெத் போவ்ஸ்-லயனை மணந்தபோது, பிறந்து சில மாதங்களே ஆகியிருந்த பிபிசி அதை வானொலியில் ஒலிபரப்பக் கேட்டது. தேவாலயத் தரப்பு மறுத்துவிட்டது. அதற்குச் சொல்லப்படுகிற காரணம் அருமையானது: யாராவது மதுக்கடையில் தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்தபடி திருமண வழிபாட்டைக் கேட்டுவிடுவார்களாம். சிரிப்பு வரலாம், ஆனால் அவர்கள் கணிப்பு தப்பவில்லை. பின்னாளில் நடந்தது அச்சு அசலாக அதுதான். தொப்பிக்குப் பதில் பைஜாமா, மதுக்கடைக்குப் பதில் வரவேற்பறை, சில வருடங்களில் மதுக்கடையேதான்.

1934-இல் கென்ட் கோமகன் கல்யாணத்தை வானொலியில் கேட்க விட்டார்கள். 1947-இல் இளவரசி எலிசபெத் கல்யாணத்தின்போது டிவி கேமரா வெளியே ஊர்வலத்தோடு நின்றது, ஆலயத்துக்குள் நேரலை கிடையாது. 1953-இல் அவருடைய முடிசூட்டு விழாதான் கதவைத் திறந்தது. நாட்டில் இருந்தவை சுமார் 27 லட்சம் டிவி பெட்டிகள், பார்த்தவர்கள் 2 கோடி. மற்றவர்கள் பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்தார்கள் என்று அர்த்தம். அதற்கு அப்புறம் 1960 மே 6-ஆம் தேதி இளவரசி மார்கரெட் புகைப்படக் கலைஞர் ஆன்டனி ஆம்ஸ்ட்ராங்-ஜோன்ஸை மணந்தது, பிரிட்டனில் டிவியில் காட்டப்பட்ட முதல் அரச கல்யாணம்.

ஆனால் டிவியும் அரச கல்யாணமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று முதலில் முழுசாகப் பார்த்த நாடு பிரிட்டன் இல்லை, ஜப்பான் என்பேன். 1959 ஏப்ரல் 10. பட்டத்து இளவரசர் அகிஹிதோ, ஷோதா மிச்சிகோவை மணந்தார். பெண் அரச வம்சமோ பிரபு குடும்பமோ இல்லை, மாவு ஆலை நிறுவனத் தலைவரின் மகள். கருயிசாவாவில் டென்னிஸ் மைதானத்தில் சந்தித்துக்கொண்டவர்கள். இது போதாதா? 'மிச்சி' அலை என்றே பெயர் வைத்தார்கள். பெண்கள் அவர் மாதிரித் தலைக்கு பேண்ட் போட்டார்கள், டென்னிஸ் உடை வாங்கினார்கள், அப்புறம் டிவி பெட்டி வாங்கினார்கள். அந்தக் காலத்தில் மாதச் சம்பளக் குடும்பத்துக்கு டிவி என்பது யோசித்து வாங்க வேண்டிய பொருள். இருந்தும் ஒரு வருடத்துக்குள் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் டிவி சந்தாக்கள் ஏறக்குறைய இரு மடங்காகி, கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு 20 லட்சத்தைத் தாண்டின.

குதிரை வண்டி ஊர்வலம் 8.8 கிலோமீட்டர். தெருவில் நின்ற ஐந்து லட்சம் பேருக்கு வண்டி தங்களைக் கடந்த சில நொடிகள்தான் கிடைத்தன. வீட்டில் இருந்த சுமார் 1.5 கோடிப் பேருக்கு மொத்த வழியும், மிச்சிகோவின் முகமும் கிடைத்தன. போனவனைவிடப் போகாதவன் நன்றாகப் பார்த்தான். அதோடு இன்னொன்றையும் பார்த்தான். அரண்மனையிலிருந்து வண்டி கிளம்பிய கொஞ்ச நேரத்தில் 19 வயதுப் பையன் ஒருவன் கல்லை எறிந்துவிட்டு ஓடிவந்து வண்டியில் தொற்றினான். போலீஸ் இழுத்துப் போட்டது, ஊர்வலம் நிற்காமல் போனது. எல்லாம் நேரலை. டிவியில் அரச கல்யாணம் பார்ப்பதன் ருசி எங்கே இருக்கிறது என்று அன்றைக்கே தெரிந்திருக்கும். திட்டமிட்ட அழகு முக்கால்வாசி நேரம் ஓடுகிறது. திட்டத்திலிருந்து நழுவுகிற ஒரு நொடியைத்தான் ஜனங்கள் வருடக்கணக்கில் பேசுகிறார்கள்.

1981 ஜூலை 29 இதற்குப் பெரிய சாட்சி. செயின்ட் பால் பேராலயம், அரசு விடுமுறை, தெருவில் சுமார் 6 லட்சம் பேர். அந்த நேரத்து பிரிட்டன் சந்தோஷமாக இருந்த நாடு இல்லை. ஏப்ரலில் பிரிக்ஸ்டனிலும், கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்பு லிவர்பூலின் டாக்ஸ்டெத்திலும் கலவரம். வேலையில்லாதவர்கள் எண்ணிக்கை 30 லட்சத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. 'ஸ்பேர் ரிப்' என்ற பெண்ணியப் பத்திரிகை 'வேண்டாம் டை (டயானாவின் செல்லச் சுருக்கம்), செய்யாதே' என்கிற பொருளில் ஒரு பேட்ஜே போட்டது. அதைச் சட்டையில் குத்திக்கொண்டே டிவி பார்த்தவர்களும் கட்டாயம் இருந்திருப்பார்கள்.

கண்ணாடி வண்டியிலிருந்து டயானா இறங்குகிற காட்சியை நினைவு வைத்திருப்பவர்கள் முதலில் சொல்வது கசங்கல். டேவிட், எலிசபெத் இம்மானுவேல் தம்பதி தைத்த அந்த உடையின் பின்தொங்கல் 25 அடி. தந்த நிறப் பட்டுத் துணி. வண்டியோ சின்னது, உள்ளே அப்பா ஸ்பென்சர் பிரபு வேறு, அவரும் ஆள் சின்னவர் இல்லை. இறங்கியபோது துணி முழுக்கச் சுருக்கம். உலகத்தில் எத்தனை வீடுகளில் 'ஒரு இஸ்திரி போட ஆள் இல்லையா அங்கே?' என்று கேட்டிருப்பார்கள்! அந்தச் சுருக்கம் அவரைத் தங்கள் வீட்டுப் பெண்ணாக்கியது என்று நினைக்கிறேன். அப்பழுக்கில்லாமல் இறங்கியிருந்தால் பொம்மையைப் பார்த்த மாதிரிப் பார்த்துவிட்டு விட்டிருப்பார்கள்.

அடுத்தது அந்த அப்பா. 1978-இல் பக்கவாதம் வந்து பிழைத்தவர். மகள் கையைப் பிடித்துக்கொண்டு நீண்ட நடைபாதையில் மெதுவாக நடந்தார். மகள் அவரை அழைத்துப் போகிறாளா, அவர் மகளை அழைத்துப் போகிறாரா என்று தெரியாத நடை. இதைப் பார்த்துத் தொண்டை அடைத்தது என்று சொன்னவர்களில் அரச குடும்பத்தின்மேல் துளியும் மதிப்பில்லாதவர்களும் உண்டு. அவர்கள் அழுதது ஒரு பிரபுவுக்காக இல்லை. தங்களுக்கும் அப்பா இருந்தார், அதற்காக.

உறுதிமொழி சொல்லும்போது டயானா மாப்பிள்ளை பெயரை மாற்றி, 'பிலிப் சார்ல்ஸ்' என்று ஆரம்பித்துவிட்டார். பிலிப் என்பது மாமனார் பெயர். கேலிக்குக் கேட்க வேண்டுமா? சார்ல்ஸும் சளைக்கவில்லை, 'என் உலகப் பொருள்கள்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'உன் பொருள்கள்' என்று சொல்லிவைத்தார். பெண்டாட்டி சொத்தைப் பெண்டாட்டியோடு பகிர்ந்துகொள்ளும் பெருந்தன்மை. அதோடு 'கீழ்ப்படிவேன்' என்ற சொல்லை டயானா சொல்லவில்லை, அது பிழை இல்லை, வேண்டுமென்றே விட்டது. அது பல வீடுகளில் சாப்பாட்டு மேசைச் சண்டைக்குத் தீனி. (1986-இல் சார்ல்ஸின் தம்பி ஆண்ட்ரூவை மணந்த சாரா ஃபெர்குசன் அந்தச் சொல்லைச் சொன்னார், அதற்கும் சண்டை.) ஆர்ச்பிஷப் ராபர்ட் ரன்சி, தேவதைக் கதைகள் இதைக் கொண்டுதான் உருவாகின்றன என்று பிரசங்கத்தை ஆரம்பித்தார். பத்திரிகைகள் அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டன. அவர் தொடர்ந்து சொன்னது வேறு. கதைகள் கல்யாண நாளோடு முடிந்துவிடுகின்றன, கிறிஸ்தவம் அதை ஆரம்பமாகத்தான் பார்க்கிறது என்பதே அவர் சொல்ல வந்தது.

பால்கனி முத்தமும் அன்றைக்குப் பிறந்த வழக்கம்தான். கீழே நின்ற கூட்டம் கத்திக் கேட்டது, சார்ல்ஸ் அம்மாவைப் பார்த்து அனுமதி வாங்கிக்கொண்டு கொடுத்தார். அதிலிருந்து முத்தம் கட்டாயப் பாடமாகிவிட்டது. 2011-இல் ஒன்று போதாது என்று இரண்டாவதும் கேட்டு வாங்கினார்கள். முத்தம் முடிந்து உள்ளே போனதும் வீடுகளில் என்ன நடக்கும் என்பதற்கு பிரிட்டிஷ் மின்சாரத் துறையிடம் பதில் இருக்கிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து டீ கெட்டிலைப் போடுவார்கள். ஒரே நிமிடத்தில் மின்தேவை எகிறும். இந்த எகிறலில் சாதனை இன்றைக்கும் 1990 உலகக் கோப்பையில் இங்கிலாந்து - மேற்கு ஜெர்மனி அரையிறுதி முடிந்த நேரத்தினுடையது, 2,800 மெகாவாட். அரச கல்யாணங்களும் அந்தப் பட்டியலில் வருகிறவை. இதற்காகவே கட்டுப்பாட்டு அறையில் டிவியைப் பார்த்துக்கொண்டே ஒருவர் உட்கார்ந்திருப்பார். வேல்ஸில் டினோர்விக் என்ற மலைக்குள் நீர்மின் நிலையம், சில நொடிகளில் 1,320 மெகாவாட் கொடுக்கக்கூடியது, கையருகில் தயாராக இருக்கும். பார்வையாளர் எதிர்வினை என்று ஆயிரம் கருத்துக்கணிப்பு எடுக்கிறார்கள். எனக்கு இந்தக் கெட்டில் கணக்குதான் நேர்மையானதாகப் படுகிறது. எந்த நொடியில் ஜனங்களுக்குப் 'போதும்' என்று ஆனது என்பதைத் துல்லியமாகக் காட்டுகிற கருவி வேறு எது?

2011-க்கு வருவோம். ஏப்ரல் 29, வெள்ளிக்கிழமை, நம் ஊர் நேரப்படி பிற்பகல் 3:30. மணப்பெண் உடையை அலெக்சாண்டர் மெக்குவீன் நிறுவனத்தின் சாரா பர்ட்டன் தைத்தது என்பது கடைசி நொடிவரை ரகசியம். ராணி என்ன நிறத்தில் தொப்பி போடுவார் என்பதற்குக்கூடப் பந்தயக் கடைகள் பணம் வாங்கின. மஞ்சள்தான் வந்தது. அன்றைக்கு வித்தியாசம் என்னவென்றால், கடந்த கல்யாணங்களில் சோபாவில் சொல்லிச் சோபாவிலேயே முடிந்த பேச்சு, முதல் தடவையாக ஊர் முழுக்க ஒரே நேரத்தில் கேட்டது. ஃபேஸ்புக்கும் ட்விட்டரும் அப்போது எல்லோர் கைக்கும் வந்திருந்தன.

ஆண்ட்ரூவின் மகள் இளவரசி பியாட்ரிஸின் தொப்பி அதற்குப் பலி. ஃபிலிப் ட்ரேசி செய்தது. நெற்றிக்கு மேல் சுருண்டு நின்ற அதைக் கழிப்பறை இருக்கை என்றார்கள், ஆக்டோபஸ் என்றார்கள். சீக்கிரமே அதற்கென்று ஃபேஸ்புக் பக்கம் முளைத்து, ஒரு லட்சத்துக்கு மேல் விருப்பங்கள் விழுந்தன. பியாட்ரிஸ் புத்திசாலி. அடுத்த மாதமே அதை ஈபேயில் ஏலம் விட்டு, கிடைத்த 81,100 பவுண்டை இரண்டு குழந்தைகள் நல அமைப்புகளுக்குக் கொடுத்துவிட்டார். கேலி செய்தவர்கள் வாயடைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன், இன்றைக்கும் அந்தப் படம் சுற்றுகிறது.

பால்கனியில் முத்தம் நடக்கும்போது கேமராவின் ஓரத்தில் மூன்று வயதுத் தோழிப் பெண் ஒருத்தி கூட்டத்தின் இரைச்சல் தாங்காமல் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முகத்தைச் சுளித்தாள். மறுநாள் பத்திரிகைகளில் மணமக்களுக்கு இணையாக அவள். 'நாட்டில் பாதிப் பேரின் மனசு அந்த முகத்தில் இருக்கிறது' என்ற மாதிரிக் கிண்டல்கள். ஆலயம் காலியான பிறகு, செந்நிறக் கம்பளத்தில் ஆலயப் பணியாளர் ஒருவர் அங்கியோடு சக்கரக் குட்டிக்கரணம் அடித்தது இன்னொன்று. கேமரா ஓடிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது போலிருக்கிறது. அந்தச் சில நொடிகளுக்காகவே அந்தக் கல்யாணத்தை விரும்புகிற ஆட்களை எனக்குத் தெரியும்.

கேலியை யார் செய்யலாம் என்பதில் அரண்மனைக்குக் கணக்கு உண்டு என்பதும் அப்போது வெளிப்பட்டது. ஆஸ்திரேலியாவின் பொது ஒளிபரப்பு நிறுவனமான ஏபிசி, 'சேசர்' என்ற நகைச்சுவைக் குழுவை வைத்து மாற்று நேரலை வர்ணனை ஒன்றுக்கு ஏற்பாடு செய்திருந்தது. நையாண்டிக்கு இந்தக் காட்சிகளைப் பயன்படுத்தக் கூடாது என்று கடைசி நேரத்தில் நிபந்தனை வந்தது, நிகழ்ச்சி ரத்தானது. சரி, நிறுத்திவிட்டார்கள். அதே நேரத்தில் லட்சக்கணக்கான வீடுகளில் அதைவிட மோசமான வர்ணனை இலவசமாக ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு எந்த நிபந்தனை போட முடியும்?

எல்லோரும் பார்த்தார்கள் என்றும் நினைத்துவிடக் கூடாது. அந்த வருடம் ஈஸ்டர் விடுமுறையும் மே மாத விடுமுறையும் கல்யாண விடுமுறையும் ஒட்டி வந்ததால், மூன்று நாள் லீவ் போட்டால் பதினொரு நாள் சேர்ந்தாற்போல் கிடைத்தது. கல்யாணத்தை மனதார வாழ்த்திவிட்டு ஸ்பெயினுக்கு விமானம் ஏறிய குடும்பங்கள் நிறைய. முடியாட்சிக்கு எதிரான 'ரிபப்ளிக்' அமைப்பு லண்டனில் தனியாக ஒரு தெரு விருந்தே நடத்தியது. இன்னொரு பக்கம் இங்கிலாந்து, வேல்ஸில் சுமார் 5,500 தெரு விருந்துகளுக்கு அனுமதி கேட்டிருந்தார்கள். அதிலும் பெரும்பகுதி தெற்கில்தான். வடக்கில் பல நகரங்களில் விண்ணப்பமே சொற்பம். எதிர்வினைக்கும் வரைபடம் உண்டு.

இங்கிலாந்தின் சமூக உளவியலாளர் மைக்கேல் பில்லிக் 1980-களின் கடைசியில் சாதாரணக் குடும்பங்களை வீட்டிலேயே உட்காரவைத்து அரச குடும்பத்தைப் பற்றிப் பேசவிட்டு, அதைப் பதிவுசெய்து ஆராய்ந்தார். அவர் கேட்ட பேச்சில் திரும்பத் திரும்ப வந்தவை எனக்குப் பிடித்தமானவை. ஒன்று, 'அவங்க வாழ்க்கை நமக்கு வேண்டவே வேண்டாம், எந்நேரமும் யாராவது பார்த்துக்கிட்டே இருப்பாங்க' என்பது. தங்க வண்டியில் போகிறவர்களைப் பார்த்து, மாதத் தவணை கட்டுகிறவர்கள் பரிதாபப்படுகிறார்கள். நியாயமாக வர வேண்டிய பொறாமை, எரிச்சல் எல்லாம் இந்தப் பரிதாபத்தில் கரைந்துபோகிறது. இன்னொன்று, 'பத்திரிகையில் வருவதை நாங்க நம்பறதில்லை, மத்தவங்கதான் நம்பறாங்க' என்பது. அந்த மற்றவர்களைப் போய்க் கேட்டால் அவர்களும் இதையேதான் சொல்வார்கள். ஆண்கள் பலர் 'எனக்கு இதில் ஆர்வமே இல்லை' என்று ஆரம்பித்து, இளவரசர்கள், அவர்கள் கூடப்பிறந்தவர்கள் வரிசையையும் வயதையும் பிழையில்லாமல் சொல்கிற வேடிக்கையை எந்த வீட்டிலும் பார்க்கலாம்.

செலவு பற்றிய முணுமுணுப்பும் எல்லாக் கல்யாணத்திலும் உண்டு. உடை, கேக் எல்லாம் குடும்பச் செலவு என்பார்கள், காவலுக்கு ஆகிற செலவு மக்கள் பணம். இந்த விஷயத்தில் முணுமுணுப்பவர்கள் பக்கம்தான் நான்.

2018 மே 19, வின்ட்சர் கோட்டையின் செயின்ட் ஜார்ஜ் ஆலயம், ஹாரியும் மேகனும். பிரிட்டனில் உச்சத்தில் பார்த்தவர்கள் சுமார் 1.8 கோடி, 2011-ஐவிடக் குறைவு. அமெரிக்காவில் 2.9 கோடி, 2011-ஐவிட அதிகம். அவர்களுக்கு இது பெண் வீட்டுக் கல்யாணம் அல்லவா! பெண்ணின் அப்பா தாமஸ் மார்க்கல் வருவாரா மாட்டாரா என்று ஒரு வாரம் உலகமே பேசியது. புகைப்படக்காரர்களோடு பேசிவைத்துப் படம் எடுக்கவிட்டார் என்ற சர்ச்சை, அப்புறம் இதய சிகிச்சை, கடைசியில் வரவில்லை. மேகன் பாதி தூரம் தனியாக நடந்து, மீதி தூரம் மாமனார் சார்ல்ஸோடு வந்தார். பெண் வீட்டு வரிசையில் அம்மா டோரியா ராக்லண்ட், பக்கத்தில் சொந்தம் என்று சொல்ல ஒருவரும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் பலர் அன்றைக்கு மணப்பெண்ணைவிட அவரைத்தான் அதிகம் பார்த்ததாக எழுதினார்கள். அந்த ஆலயத்தில், அந்தக் குடும்பத்துக்கு எதிர் வரிசையில், பின்னல் சடையும் மூக்குத்தியுமாக ஒரு அம்மா. உடை, கேக் எல்லாம் அவர்களுக்கு இரண்டாம்பட்சம்.

அப்புறம் பிரசங்கம். அமெரிக்க எபிஸ்கோப்பல் திருச்சபையின் தலைமைப் பிஷப் மைக்கேல் கரி எழுந்தார். மார்ட்டின் லூதர் கிங்கில் ஆரம்பித்து, அடிமைகளின் பாடலைத் தொட்டு, நெருப்பைக் கண்டுபிடித்த மனிதன்வரை போனார். கையை வீசினார், குரலை ஏற்றி இறக்கினார், 'முடிக்கப்போகிறேன்' என்ற மாதிரிச் சொல்லிவிட்டு முடிக்காமல் தொடர்ந்தார். சுமார் 14 நிமிடம். ஆங்கிலிக்கன் அரச வழிபாட்டில் இப்படி நடக்காது. கேமரா இயக்கியவர்களுக்கு அன்று விருந்து: ஒவ்வொரு அரச முகமாகக் காட்டினார்கள். ஒருவர் வாயைப் பிளந்து பார்க்கிறார், ஒருவர் தலையைக் குனிந்து சிரிப்பை அடக்குகிறார், இன்னொருவர் வழிபாட்டுத் தாளை ரொம்ப அக்கறையாகப் படிக்கிறார். டிவி பார்த்தவர்கள் பிரசங்கத்தைப் பார்க்கவில்லை, பிரசங்கத்தைப் பார்க்கிறவர்களைப் பார்த்தார்கள். ஒரு பக்கம் 'இத்தனை வருடத்தில் அந்தக் கட்டடத்தில் உயிரோடு ஒருவர் பேசினார்' என்று பூரிப்பு, இன்னொரு பக்கம் 'பிள்ளைகள் காத்துக்கொண்டிருக்கிறார்கள், முடியப்பா' என்று சலிப்பு. கடவுள் நம்பிக்கை இல்லாத தொழிற்கட்சி முன்னாள் தலைவர் எட் மிலிபாண்ட், இவர் என்னையே கிட்டத்தட்ட விசுவாசியாக்கிவிடுவார் போலிருக்கிறதே என்று ட்விட்டரில் எழுதினார். அமெரிக்காவில் அன்று இரவே ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியில் கரியைப் போல வேடம் போட்டு வந்துவிட்டார்கள்.

எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். அரச கல்யாணத்துக்கு எதிர்வினை அன்றோடு முடிவதில்லை, வருடங்கள் கழித்து மாறுகிறது. 1995 நவம்பரில் பிபிசி பேட்டியில், இந்தக் கல்யாணத்தில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம் என்று டயானா சொன்ன பிறகு, 1981 ஒளிநாடாவை யாரும் பழையபடி பார்க்கவில்லை. சார்ல்ஸின் பழைய காதலி கமில்லா அன்றைக்கு செயின்ட் பாலில் விருந்தாளியாக உட்கார்ந்திருந்தார், நடந்து வரும்போதே டயானா அவரைக் கண்டுகொண்டார் என்பதெல்லாம் தெரியவந்ததும், ஜனங்கள் அந்தக் காட்சியில் டயானாவின் கண் எங்கே போகிறது என்று தேட ஆரம்பித்தார்கள். முன்பு நாணமாகத் தெரிந்த குனிந்த தலை இப்போது துயரமாகத் தெரிந்தது. படம் அதேதான். 1997-இல் அவருடைய இறுதிச் சடங்கைப் பிரிட்டனில் 3 கோடிக்கு மேல் பார்த்தார்கள். கல்யாணத்தைவிட அதிகம்.

2005 ஏப்ரலில் சார்ல்ஸும் கமில்லாவும் மணந்தபோது, பதிவுத் திருமணத்தை டிவியில் காட்டவே இல்லை, அதற்குப் பிறகு நடந்த ஆசீர்வாத வழிபாட்டை மட்டும் காட்டினார்கள். போப் இரண்டாம் ஜான் பாலின் இறுதிச் சடங்குக்காகக் கல்யாணத்தை ஒரு நாள் தள்ளியதால், அது கிராண்ட் நேஷனல் குதிரைப் பந்தய நாளில் வந்து விழுந்தது. பிபிசி இரண்டையும் காட்ட வேண்டுமே, பந்தயத்தைக் கொஞ்சம் தள்ளித் தொடங்கினார்கள். அன்றைக்கு நாட்டின் பாதிப் பேர் எதற்காக டிவியைப் போட்டார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

2021 மார்ச்சில் இன்னும் வேடிக்கை. அமெரிக்க டிவி தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃபிரே எடுத்த பேட்டியில் மேகன், எல்லோரும் பார்த்த கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பே வீட்டுத் தோட்டத்தில் ஆர்ச்பிஷப்பை மட்டும் வைத்துக்கொண்டு மணந்துகொண்டோம், அந்தப் பெரிய நிகழ்ச்சி உலகத்துக்காக என்று சொன்னார். உடனே பாருங்கள், கோபம்! 'அப்போ நாங்க சனிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தது என்ன?' என்று கேட்டவர்கள், 2018-இல் 'இந்தக் கூத்தெல்லாம் எதுக்கு' என்று கேட்ட அதே ஆட்கள்தான் பாதி. முகூர்த்தத்துக்கு வரச் சொல்லி அழைத்துவிட்டு, தாலி போன புதன்கிழமையே கட்டியாச்சு என்றால் எந்தச் சொந்தத்துக்குத்தான் கோபம் வராது? இங்கிலாந்துச் சட்டப்படி இரண்டு சாட்சிகள் இல்லாமல் கல்யாணம் செல்லாது என்று ஆளாளுக்கு வக்கீலானார்கள். கடைசியில் ஆர்ச்பிஷப் ஜஸ்டின் வெல்பியே இத்தாலியப் பத்திரிகை ஒன்றுக்கு விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று: தனியாகச் சந்தித்தது பற்றிப் பேச மாட்டேன், சட்டப்படியான கல்யாணம் சனிக்கிழமைதான் நடந்தது, பொய் என்று தெரிந்து நான் அந்தச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டிருந்தால் அது பெரிய குற்றம் ஆகியிருக்கும் என்றார். சட்டப் பிரச்சினை அதோடு தீர்ந்தது. வருத்தப்பட்டவர்களின் வருத்தம் தீர்ந்த மாதிரித் தெரியவில்லை, அந்தக் கல்யாண வீடியோவுக்குக் கீழே இன்றைக்கும் சண்டை நடக்கிறது.